ஒரே விலாசத்தில் நாற்பத்து மூன்று பேர்

சலவைக்கடைக்காரரின் மச்சினி வேலை செய்யும் ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். மச்சினி வந்து சலவைக்கடைக்காரரிடம் சொன்னாளாம். அவர் ஃபேக்டரி வேன் ஓட்டும் முனுசாமியிடம் சொன்னார். முனுசாமி, பினாங்கின் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே வேனைக் கழுவிக்கொண்டே, லிஃப்டுக்குக் காத்திருந்த அத்தனை பேரிடமும் சொன்னார்: கடற்கரைப் பக்கம் பெரிய ஹோட்டலில் ‘அஃபிலியேட்’ மாநாடு என்று ஒன்று நடக்கிறதாம். கழுத்தில் பெயர்ப் பட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவன், இரண்டாம் நாள் அந்தப் பட்டையைக் கழற்றும்போது பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் சேர்த்துக் கழற்றிவிடுவானாம். அதற்கப்புறம் அவன் தூங்கினாலே போதுமாம். பணம் தானாக வந்து பாங்கில் படுத்துக்கொள்ளுமாம்.

“நம்ம பதினோராவது மாடி சுதா ஆறு தடவ போயிட்டு வந்திருக்கு. அது தூங்கி நான் பாத்ததே இல்லயே” என்றார் குணவதி அக்கா.

“அப்ப பட்டைய சரியா மாட்டலக்கா” என்றார் முனுசாமி.

சுதா என்கிற சுதர்ஷினி தூங்காததற்குக் காரணம் தொழில் அல்ல, பிறவிக் குணம். சாவகச்சேரியில் பிறந்து, பள்ளியில் தமிழிலும் பிறகு கொழும்பில் ஆங்கிலத்திலும் படித்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தேவகுமாரைக் கட்டிக்கொண்டு பினாங்குக்கு வந்தவள். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு மொழியிலும் கவலைப்படத் தெரிந்தவள். இந்த நாட்டில் அவள் கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை. குடிமக்களான நீல அட்டைக்காரர்கள் ரோட்டை எங்கே வேண்டுமானாலும் கடப்பார்கள். சிவப்பு அட்டைக்காரி பச்சை மனிதன் விளக்கில் தோன்றும்வரை நிற்பாள், கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லாவிட்டாலும்.

அவள் தொழிலை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். பிரஷர் குக்கர், மிக்சி, இட்லிப் பானை என்று வாங்கி, ஒவ்வொன்றையும் நாற்பது நாள் போட்டு வதைப்பாள். தப்பிப் பிழைத்ததைப் பற்றித் தன் இணையதளத்தில் எழுதுவாள். அடியில் ஒரு லிங்க் இருக்கும். அதை அழுத்தி யாராவது வாங்கினால் விற்ற கம்பெனி அவளுக்குச் சிறு கமிஷன் கொடுக்கும். அஃபிலியேட் என்பது இந்தத் தரகு வேலைதான், ஆனால் கல்யாணத் தரகருக்குக் கிடைக்கும் காப்பி பலகாரம் இதில் கிடையாது. எழுதுவதும் இரண்டு மொழியில். நல்ல குணங்களைத் தமிழில் விரிவாகவும், கைப்பிடி சூடாகும், வாஷர் ஆறு மாதம்தான் தாங்கும் போன்ற சங்கடங்களை ஆங்கிலத்தில் சுருக்கமாகவும் எழுதுவாள். இரண்டும் படிக்கத் தெரிந்தவருக்கே முழு உண்மை.

இணையதளத்தின் நெற்றியில் அவள் பெயர் இருந்தது. கரண்டு பில் தேவகுமார் பெயரில், வீட்டுப் பத்திரம் தேவகுமார் பெயரில், தண்ணீர் பில் செத்துப்போன மாமனார் பெயரில். பினாங்கில் அவள் பெயர் முதலில் வருகிற ஒரே இடம் அந்த நெற்றிதான்.

வம்பு பார்சல் வடிவத்தில் வந்தது.

அந்த அடுக்குமாடியில் பாதிப் பேருக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் ஷிப்டு வேலை. பகலில் பார்சல்காரன் வரும்போது வீட்டில் இருப்பவர்கள் தூங்குவார்கள். தூங்காதவர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். கீழே காவலுக்கு நிற்கும் ஜாகா பார்சலைக் கையால் தொடமாட்டான். ஆகவே முதலில் குணவதி அக்கா தன் குக்கரை சுதா வீட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொன்னார். அடுத்து ஒன்பதாம் மாடி மோகனா. பிறகு மோகனாவின் ஷிப்டுத் தோழிகள், தோழிகளின் நாத்தனார்கள், பாகான் டாலாமிலிருந்து படகேறி வேலைக்கு வருகிற நாலு பேர். “சுதா லிங்க்ல வாங்கு, சுதா வீட்டுக்குப் போடு, சாயங்காலம் போய் எடுத்துக்க” என்பது அந்த வட்டாரத்தில் ஒரு ஒழுங்காகவே ஆகிவிட்டது. ‘சுதா பார்சல்’ என்று வாட்ஸ்அப் குழு. அவளைத் தவிர உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று.

போன வருஷம் அந்தக் குழுவில் ஒரு கலவரம் நடந்தது. கோலாலம்பூருக்குரிய சைபர் மூன்றில் தொடங்கும் நம்பரிலிருந்து பேசிய ஒருவன், “உங்க பார்சல்ல போதைப் பொருள் இருக்கு, உடனே பணம் கட்டுங்க” என்று மிரட்ட, குணவதி அக்கா பாங்கு கவுண்டர்வரை போய்விட்டார். வரிசை நீளமாக இருந்ததால் தப்பித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் சுதர்ஷினி குரல் பதிவு அனுப்புவாள்: “அக்காமார், சைபர் மூண்டிலை தொடங்கிற நம்பர் வந்தால் எடுக்காதேங்கோ. பொலிஸ் எண்டாலும் எடுக்காதேங்கோ. பார்சல் கொம்பனி எண்டாலும் எடுக்காதேங்கோ. நானே புது நம்பரிலை எடுத்தாலும் எடுக்காதேங்கோ.” குணவதி அக்கா அதை அட்சரம் பிசகாமல், அதே யாழ்ப்பாண ராகத்தில் லிஃப்டில் ஒப்பித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்கவைப்பார்.

மூன்று வாரம் முன்னால் கமிஷன் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. ‘உங்கள் லிங்க் வழியாக வாங்கியவர்களில் நாற்பத்து மூன்று பேர் உங்கள் வீட்டிலேயே வசிப்பதாகத் தெரிகிறது. ஒரே வீட்டார் வாங்குவது விதிமீறல். கணக்கு நிறுத்தப்பட்டது. பதினைந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தக்க விளக்கம் ஏற்கப்படாவிட்டால் நிரந்தரமாக மூடப்படும். உங்கள் பெயர் மோசடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டு மற்ற கம்பெனிகளுக்கும் தெரிவிக்கப்படும்.’

சுதர்ஷினி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு அறை, ஒரு குளியலறை. நாற்பத்து மூன்று பேர் வரிசையில் குளித்தால், கடைசி ஆள் துவட்டுவதற்குள் முதல் ஆளுக்கு மறுபடி வியர்த்திருக்கும். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். அவள் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“என்னைக் கள்ளி எண்டு எழுதி எல்லா இடமும் அனுப்பிப்போடுவினம்.”

“இன்னொரு மெயில் போடு லா” என்றார் தேவகுமார். அவர் எந்தத் துன்பத்துக்கும் இதையே சொல்வார். ஏற்கெனவே பதினொரு மெயில் போட்டாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இயந்திரம் மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லியிருந்தது.

மிச்சமிருந்தது மாநாடு. இந்த முறை வீட்டுப் பக்கத்திலேயே, பினாங்கில், பதினான்கும் பதினைந்தும். கம்பெனியின் ஆள் கிஷன் கோலாலம்பூரிலிருந்து வருகிறான். போன வருஷம் அவளோடு கைகுலுக்கி, “எதுன்னாலும் ஒரு கால் அடிங்கக்கா” என்று சொன்னவன். அதற்கப்புறம் அவள் அடித்த கால் எதையும் எடுத்ததில்லை.

இந்த மாநாடுகளில் பழகுவதற்கென்று ஒரு முறை உண்டு. எல்லாரும் எல்லாரிடமும் போய்ப் பேசவேண்டும். ஆனால் என்ன விற்கிறோம் என்பதை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் மற்றவன் நாளைக்கே அதையே விற்பான். ஆகவே, “நீங்க எந்த லைன்?” “கொஞ்சம் ஹெல்த். நீங்க?” “வீட்டு லைன்” என்று பேசி, பட்டையிலுள்ள க்யூ.ஆர். கட்டத்தை ஒருவருக்கொருவர் போனால் படம் பிடித்து, “கண்டிப்பா பேசுவோம்” என்று பிரிவார்கள். சுதர்ஷினிக்கு இது எளிதில் வரவில்லை. முதல் மாநாட்டில் ஒரு தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் நின்று காப்பி ஊற்றுகிற பையனோடு மட்டும் பேசிவிட்டு வந்தாள். இரண்டாவதிலிருந்து சின்ன நோட்டில் வாக்கியங்கள் எழுதிக்கொண்டு போனாள். ‘நல்ல கூட்டம், என்ன?’ என்பது அதில் முதல் வாக்கியம். ஆறு மாநாட்டில் அதையே சொல்லியிருக்கிறாள். கூட்டம் இல்லாத மாநாட்டிலும்.

வியாழக்கிழமை, மாநாட்டு மண்டபத்தில் கிஷன் போட்டிருந்த கடையைச் சுற்றி ஈ நுழைய இடமில்லை. சந்திக்க நேரம் கேட்டால், எல்லாம் நிரம்பிவிட்டது என்றாள் அங்கிருந்த உதவிப் பெண். ஒரே ஒரு வழி: வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ‘மூன்று நிமிட அறிமுகம்’. வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு கம்பெனி ஆள். மணி அடித்தால் உட்காரலாம். மூன்று நிமிஷத்தில் மறுபடி மணி அடித்தால் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும்.

அன்று சாயங்காலம் பதினோராம் மாடி வராந்தாவில் ஒத்திகை நடந்தது. குணவதி அக்கா கிஷனாக உட்கார்ந்தார். மோகனா போனில் நேரம் பார்த்தாள்.

“வணக்கம் தம்பி, சுகமா இருக்கிறீங்களோ? பயணமெல்லாம் எப்பிடி? சாப்பிட்டீங்களோ? அம்மாக்கு முழங்கால் ஏலாது எண்டு போன முறை சொன்னீங்கள், இப்ப எப்பிடி?”

“ரெண்டு நிமிசம் போச்சு” என்றாள் மோகனா.

“ஐயோ, எடுத்தவுடனை எப்பிடிக் கேக்கிறது? மரியாதை இல்லையோ?”

“இந்தா சுதா, நீ மரியாதையா பேசி முடிக்க ஒரு மணி நேரம் வேணும் லா” என்றார் குணவதி அக்கா. சற்று யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே சுதர்ஷினிக்குப் பயம் வந்தது. “உள்ள வர காசு கேப்பானா?”

“பார்வையாளருக்கு இலவசம். பேர் பதிஞ்சாக் காணும்.”

“அப்ப சரி. நீ மூணு நிமிசம் பேசு. மணி அடிச்சதும் நீ எந்திரிச்சிரு, நான் ஒக்காந்து மிச்சத்த சொல்றேன். எனக்கு மணி அடிச்சா மோகனா. எத்தன பேரு வேணும் உனக்கு?”

“அது விதிக்கு மாறில்லையோ அக்கா?”

“எந்த விதியில எழுதியிருக்கு, குக்கர் வாங்குனவ நாக்காலில ஒக்காரக்கூடாதுன்னு?”

மறுநாள் பதினொரு பேருக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. கிளினிக்கில் விடுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு, குணவதி அக்கா உட்பட பதினொரு பெண்களும் நல்ல புடவையில் சுதர்ஷினியோடு முனுசாமியின் வேனில் வந்து இறங்கினார்கள். பதிவு மேசையில் ‘நிறுவனத்தின் பெயர்’ என்று கேட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், பதினொரு பேரும் ‘சுதா பார்சல்’ என்று எழுதினார்கள். பதவி என்று கேட்ட இடத்தில் குணவதி அக்கா ‘டைரக்டர்’ என்று போட, மற்றவர்களும் அதையே போட்டார்கள்.

ஒரே கம்பெனியிலிருந்து பதினொரு டைரக்டர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி காப்பி மேசையைத் தாண்டிப் பரவ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சுதர்ஷினியை ஆறு மாநாடுகளாகத் திரும்பிப் பாராதவர்கள் குணவதி அக்காவுக்கு நாற்காலி இழுத்துப்போட்டார்கள். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், “கொஞ்சம் ஹெல்த் லைன் பண்றேன்” என்று வழக்கம்போல் மழுப்பினார்.

“எந்த ஊருப்பா நீ?”

“நிபோங் திபால்க்கா.”

“நிபோங் திபால்ல எங்க? கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அப்பா பேரு என்னா? அட, நம்ம குமாரி சித்தப்பா புள்ளயா நீ! சொல்லு, என்னா விக்கிற?”

“முடி வளர்ற எண்ணெய்க்கா” என்று அவர் மூன்றாவது நிமிஷத்தில் சரணடைந்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் உடனே போனை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. சுதர்ஷினி கிஷன் எதிரே உட்கார்ந்தாள். வணக்கம் சொல்லி, பயணம் விசாரித்து, அவன் அம்மாவின் முழங்காலுக்கு வந்து, “தம்பி, நான் வந்து...” என்று தொடங்கும்போது மணி அடித்துவிட்டது. எழுந்தாள். அந்த நாற்காலி ஆறுவதற்குள் குணவதி அக்கா உட்கார்ந்தார்.

“இப்ப எந்திரிச்சுப் போச்சே ஒரு புள்ள, அது சொல்ல வந்தது என்னான்னா தம்பி, அது வீட்டுல நாப்பத்து மூணு பேரு இல்ல. ரெண்டு பேருதான். மிச்சம் நாங்க. எங்க பிளாட்டுல ஒரு ஜாகா இருக்கான் பாருங்க...”

மணி. மோகனா.

“அக்கா எதுல வுட்டுச்சு?”

“ஜாகா” என்றான் கிஷன், தன்னையறியாமல்.

“ஆங், அந்த ஜாகா பார்சல தொடமாட்டான். நான் நைட்டு ஷிப்டு...”

மூன்றாவது ஆள் ஷிப்டு நேரங்களை விளக்கினார். நாலாவது ஆள் படகு நேரத்தை. ஐந்தாவது வந்தவர் தன் இட்லிப் பானையின் படத்தைக் காட்டினார். பின்னணியில் தெரிந்தது சுதா வீடல்ல, கெப்பாலா பத்தாஸில் இருக்கும் தன் மகள் வீடு என்பதற்கு மகளையும் மருமகனையும் காட்டினார். அடுத்தடுத்த மேசைகளில் இருந்தவர்கள், தங்களிடம் மட்டும் ‘சுதா பார்சல்’ டைரக்டர்கள் யாரும் வராததைக் கண்டு வருந்தினார்கள். ஏழாவது ஆள் வரும்போது கிஷன் பேனாவை மூடிவிட்டான். ஒன்பதாவது ஆளிடம், “எங்கம்மாவுக்கு ஒரு கிரைண்டர் வாங்கணும்க்கா, எது நல்லாருக்கும்?” என்று அவனே கேட்டான்.

“சுதா லிங்க்ல பாரு தம்பி. அதுலதான் உண்மைய எழுதியிருக்கும். இங்கிலீசு பக்கத்தையும் படிக்கணும், மறந்துறாத.”

நாலேகாலுக்கு கிஷன் சுதர்ஷினியைத் தன் கடைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தான். “நான் நம்புறேன்க்கா. இப்படி ஒரு கேஸை நான் பாத்ததே இல்ல. ஆனா நான் நம்பினா பத்தாது, ஃபாரம் நம்பணும். கே.எல்.ல இமான்னு ஒரு ஆபீசர் இருக்காரு. உங்க நாப்பத்து மூணு பேர்ல ஒருத்தர கம்ப்யூட்டர் எடுக்கும். அவரு அந்த நம்பருக்கு ஒரே ஒரு தடவ அடிப்பாரு. எடுத்தவங்க பேரு, வாங்குன சாமான், சொந்த வீட்டு நம்பர், மூணையும் சொன்னா, அஞ்சு மணிக்குள்ள உங்க கணக்கத் திறந்துடலாம்.”

“எடுக்காட்டி?”

“எடுக்காம யாராச்சும் இருப்பாங்களா? ஒண்ணே ஒண்ணுதான், நீங்க யாருக்கும் முன்கூட்டி சொல்லக்கூடாது. போன மேசை மேல வைங்க. சைகை கிய்கை ஒண்ணும் கூடாது. பாத்தேன்னு நான் கையெழுத்துப் போடணும்.”

சுதர்ஷினி போனை மேசைமேல் வைத்தாள். பல வாரமாக ஏறாத மூச்சு ஒன்று நெஞ்சில் சுகமாக ஏறியது. நாற்பத்து மூன்று பேரில் யாரைக் கேட்டாலும் கதவு எண்ணைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். கிஷன் கோலாலம்பூரோடு பேசினான். “ஆங், அடிங்க இமான்” என்றான். “ஆபீஸ் லைன்லேர்ந்துதானே? சரி.”

ஆபீஸ் லைன்.

கோலாலம்பூர் ஆபீஸ் லைன் எந்த எண்ணில் தொடங்கும் என்பது சுதர்ஷினிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்று வெள்ளிக்கிழமை என்பதும் நினைவுக்கு வந்தது. காலை ஏழு மணிக்கு, வேனில் ஏறுவதற்கு முன்பே, கடமை தவறாமல் தான் அனுப்பிய குரல் பதிவும் நினைவுக்கு வந்தது. நாற்பத்து மூன்று பேரும் கேட்டதற்கு அடையாளமாக நீல டிக்கு விழுந்திருந்தது.

மண்டபத்தின் மறுகோடியில், இலவசப் பரிசு தரும் அதிர்ஷ்டச் சக்கரத்துக்கு முன்னால், நாதஸ்வரம் ஒலிக்கத் தொடங்கியது. அந்த நாதஸ்வரத்தை அடுக்குமாடியில் எல்லாருக்கும் தெரியும். குணவதி அக்காவின் போன்.

அக்கா, விடுப்புச் சீட்டில் எழுதியிருந்த முழங்கால் வலியோடு, ஒரு மணி நேரமாக வரிசையில் நின்று இப்போதுதான் முன்னால் வந்திருந்தார். இரண்டு தோளிலும் ஆறு இலவசத் துணிப்பைகள். பைகளுக்கு நடுவே துழாவி போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

“யாருக்கா அது?” என்றாள் மோகனா.

“சைபர் மூணு.”

“எடுக்காதே லா!”

“எடுப்பனா நானு?”

சுதர்ஷினி வாயைத் திறந்தாள். கிஷன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கையில் ஃபாரத்தோடு. வாயை மூடினாள். கைகள் தாமாக மேலே எழும்பப் பார்த்தன. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தாள். ரோட்டில் பச்சை மனிதனுக்காகக் காத்து நின்ற பன்னிரண்டு வருஷமும் அந்த நாற்காலியில் அவளோடு சேர்ந்து உட்கார்ந்தது. புருவத்தை உயர்த்துவது சைகையில் சேருமா? சேரும்போல்தான் இருந்தது.

குணவதி அக்கா மண்டபத்தைத் துழாவி அவளைக் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. பாடத்தை மறக்காத மாணவியின் பெருமையோடு போனைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டி, ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு உரக்க, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, அதே யாழ்ப்பாண ராகத்தில் சொன்னார்:

“பார்சல் கொம்பனி எண்டாலும் எடுக்காதேங்கோ!”

பதினொரு டைரக்டர்களும் சிரித்தார்கள். கிஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. உயர்த்திய கையில் நாதஸ்வரம் இரண்டாவது சுற்று முடித்து மூன்றாவதைத் தொடங்கியிருந்தது.